க்ளென் கூல்ட்: மேடையை உதறிய பியானோ கலைஞரை ரசிகர்கள் இன்னும் பழைய டிவி படங்களில் தேடுவது ஏன்?

ஒரு கருப்பு வெள்ளை வீடியோ. ஏரிக்கரையில் ஒரு சின்ன வீடு. வீட்டில் போட்டுக்கொள்ளும் நீள அங்கியோடு ஓர் இளைஞர் பழைய பியானோ முன்னால் உட்கார்ந்திருக்கிறார். நாற்காலி ரொம்பத் தாழ்வு. மூக்கு கிட்டத்தட்ட பியானோ கட்டைகளைத் தொடுகிறது. வாசித்துக்கொண்டே வாய்விட்டு முனகுகிறார். திடீரென எழுந்து ஜன்னல் பக்கம் போகிறார். கை நின்றுவிட்டது. ஆனால் இசை நிற்கவில்லை. விட்ட இடத்திலிருந்து வாயாலேயே பாடிக்கொண்டு வெளியே பார்க்கிறார். பிறகு திரும்பி வந்து உட்கார்ந்து, எதுவுமே நடக்காதது போல வாசிப்பைத் தொடர்கிறார்.

இந்த வீடியோவை நீங்களும் பார்த்திருக்கலாம். ஒரு நிமிடத் துண்டாக ரீல்ஸில் வரும், வாட்ஸ்அப்பில் வரும். பெரும்பாலும் படத்தின் பெயர் இருக்காது, வருடம் இருக்காது. பார்த்தவர்களில் பாதிப் பேர் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். மீதிப் பேருக்கு ஒரு கேள்வி ஒட்டிக்கொள்ளும்: யார் இவர்? இதன் முழுப்படம் எங்கே?

நானும் அந்த மீதிப் பேரில் ஒருத்தன்தான். தேடத் தொடங்கிய பிறகுதான் ஒரு விஷயம் புரிந்தது. இந்த மனிதரின் வாழ்க்கையையே டிவி படங்களின் வரிசையாகச் சொல்லிவிடலாம். அவரே அப்படித்தான் விரும்பினார் என்பதுதான் இதில் சுவாரசியம்.

யார் இந்த க்ளென் கூல்ட்?

1932 செப்டம்பர் 25, கனடாவின் டொரொன்டோ நகரத்தில் பிறந்தவர். அப்பா ரோம ஆடை வியாபாரி. அம்மா ஃப்ளோரன்ஸ் பாட்டும் பியானோவும் சொல்லிக்கொடுப்பவர். பையனுக்கு முதல் ஆசிரியரும் அம்மாதான். வாசிக்கும் ஒவ்வொரு சுரத்தையும் கூடவே பாடச் சொல்லிப் பழக்கினார். அந்தப் பழக்கம் கடைசிவரை போகவில்லை. அவருடைய இசைத்தட்டுகளைக் காதை வைத்துக் கேட்டால், பியானோவுக்குப் பின்னால் அந்த முனகல் இன்றும் கேட்கும். ஒலிப்பதிவுப் பொறியாளர்களுக்கு அது தீராத தலைவலி.

10 வயதில் டொரொன்டோ கன்சர்வேட்டரியில் ஆல்பர்ட்டோ கெர்ரெரோ என்ற சிலி நாட்டு ஆசிரியரிடம் சேர்ந்தார். ஏறத்தாழ 9 வருடம் அங்கே பாடம். கெர்ரெரோ ஒரு வினோதமான பயிற்சி கொடுத்தார். ஒரு கை விரல்களைக் கட்டைகள் மேல் சும்மா வைத்துக்கொள்ள வேண்டும். மறு கையால் அந்த விரல்களை ஒவ்வொன்றாகத் தட்ட வேண்டும். தட்டப்பட்ட விரல் தானாகத் துள்ளி எழும். தோளின் பலமோ முழங்கையின் பலமோ இல்லாமல், விரல் நுனி மட்டும் வேலை செய்யப் பழக்கும் முறை இது. கூல்டின் வாசிப்பில் ஒவ்வொரு சுரமும் முத்து முத்தாகப் பிரிந்து கேட்பதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

அந்தத் தாழ்ந்த நாற்காலியும் இதே கதையின் தொடர்ச்சி. 1953-ல் அப்பா ஒரு சாதாரண மடக்கு நாற்காலியின் கால்களை அறுத்து, உயரத்தைக் கூட்டிக் குறைக்கும்படி செய்துகொடுத்தார். தரையிலிருந்து சுமார் 14 அங்குலம்தான் உயரம். உலகத்தில் எங்கே வாசித்தாலும் அந்த நாற்காலியும் கூடவே போனது. காலப்போக்கில் இருக்கையின் திணிப்பெல்லாம் கிழிந்து, கடைசியில் வெறும் சட்டகம்தான் மிஞ்சியது. அப்போதும் மாற்றவில்லை.

38 நிமிடத்தில் வந்த புகழ்

1955 ஜனவரியில் வாஷிங்டனிலும் நியூயார்க்கிலும் தலா ஒரு கச்சேரி. நியூயார்க் கச்சேரியைக் கேட்ட கொலம்பியா ரெக்கார்ட்ஸ் நிர்வாகி அடுத்த நாளே ஒப்பந்தம் பேசினார். முதல் இசைத்தட்டுக்கு எதை வாசிக்கப் போகிறார் என்பதுதான் அடுத்த கேள்வி.

கூல்ட் தேர்ந்தெடுத்தது யோஹான் செபாஸ்டியன் பாக் எழுதிய 'கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ்'. ஒரு அமைதியான மெட்டு, அதன் அடித்தளத்தின் மேல் கட்டிய 30 மாறுபாடுகள், முடிவில் மறுபடியும் அதே மெட்டு. மொத்தம் 32 பகுதிகள். அன்றைக்கு அது அறிஞர்கள் மட்டும் மதிக்கும், பொதுமக்கள் கேட்காத சரக்கு. பியானோவில் அல்ல, ஹார்ப்சிகார்டில் வாசிக்க வேண்டியது என்ற எண்ணமும் இருந்தது. 22 வயதுப் பையன் முதல் ஆல்பத்துக்கே இதை எடுத்தால் யார்தான் பயப்பட மாட்டார்கள்?

1955 ஜூனில், நியூயார்க் 30-ஆவது தெருவில் பழைய தேவாலயம் ஒன்றை மாற்றி அமைத்திருந்த கொலம்பியா ஸ்டுடியோவில் 4 நாளில் பதிவு முடிந்தது. கோடை வெயிலில் கோட்டு, மஃப்ளர், கையுறையோடு வந்தார். பை நிறைய மாத்திரைகள். வாசிப்பதற்கு முன்னால் கைகளைச் சுடுதண்ணீரில் ஊறவைப்பார். 1956 ஜனவரியில் இசைத்தட்டு வெளியானது. மொத்தம் 38 நிமிடம் 34 நொடி. விற்பனையிலும் விமர்சனத்திலும் தூள் கிளப்பியது. அன்றிலிருந்து இன்றுவரை அந்தப் பதிவு சந்தையை விட்டு விலகியதே இல்லை.

மாஸ்கோவில் ஓர் இடைவேளை

ரசிகர்கள் தேடிப் பிடிக்கும் கதைக்கு இந்த இடம்தான் நல்ல தொடக்கம்.

1957 மே மாதம். பனிப்போர் உச்சத்தில் இருந்த காலம். கூல்ட் சோவியத் யூனியனுக்குப் போனார். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அங்கே போய் வாசித்த முதல் வட அமெரிக்க பியானோ கலைஞர் அவர்தான். மாஸ்கோ கன்சர்வேட்டரியின் பெரிய அரங்கில் கச்சேரி தொடங்கும்போது பாதி இருக்கைகள் காலி. பெயர் தெரியாத ஒரு கனடாக்காரர், அதுவும் பாக். யார் வருவார்கள்?

முதல் பாதி முடிந்ததும் கேட்டவர்கள் டெலிபோனை நோக்கி ஓடினார்கள். நண்பர்களை, சொந்தக்காரர்களைக் கூப்பிட்டார்கள். இடைவேளை முடிந்து இரண்டாம் பாதி தொடங்கும்போது அரங்கம் நிரம்பிவிட்டது. விளம்பரமும் இல்லை, அல்காரிதமும் இல்லை. ஒருத்தர் கேட்டு இன்னொருத்தருக்குச் சொன்னது மட்டும்தான்.

அதே பயணத்தில், சோவியத் அதிகாரவர்க்கம் ஏற்காத ஷோன்பெர்க், வேபெர்ன் போன்றவர்களின் நவீன இசையையும் மாணவர்கள் முன் வாசித்து விளக்கினார். அவருடைய பதிவுகள் ரஷ்யாவில் கைமாறிக்கொண்டே இருந்தன. அவற்றில் ஒன்று பிற்பாடு ஒரு பிரெஞ்சு இளைஞர் கையில் போய்ச் சேர்ந்தது. அந்தக் கதை பின்னால் வருகிறது.

1959: அந்தக் கருப்பு வெள்ளைப் படம்

முதலில் சொன்ன ஏரிக்கரை வீடியோ இதிலிருந்துதான்.

கனடாவின் தேசிய திரைப்பட வாரியம் அப்போது சிபிசி தொலைக்காட்சிக்காக 'கேண்டிட் ஐ' என்ற தொடரைத் தயாரித்துக்கொண்டிருந்தது. தூக்கிச் செல்லக்கூடிய கேமராவோடு ஒருவரின் பின்னாலேயே போய், அலங்காரம் இல்லாமல் அவரைப் படம்பிடிப்பதுதான் அதன் பாணி. இயக்குநர்கள் வுல்ஃப் கோனிக், ரோமன் க்ரோய்ட்டர். இந்த க்ரோய்ட்டர்தான் பிற்காலத்தில் ஐமேக்ஸ் தொழில்நுட்பத்தை உருவாக்கிய குழுவில் ஒருவர். மால்ல போய் ஐமேக்ஸ் படம் பார்க்கும்போது ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கூல்டை வைத்து அவர்கள் எடுத்தது ஒரு படம் அல்ல, இரண்டு. ஒவ்வொன்றும் சுமார் அரை மணி நேரம்.

'ஆஃப் தி ரெக்கார்ட்' வீட்டுப் படம். டொரொன்டோவுக்கு வடக்கே சிம்கோ ஏரிக்கரையில் இருந்த குடும்பத்தின் விடுமுறை வீடு, நாய், பழைய சிக்கரிங் பியானோ, நண்பரோடு அரட்டை. 26 வயது கூல்ட் சிரிக்கிறார், நக்கலடிக்கிறார், நிறையப் பேசுகிறார்.

'ஆன் தி ரெக்கார்ட்' வேலைப் படம். நியூயார்க்கில் பியானோ தேர்ந்தெடுப்பது, அதே கொலம்பியா ஸ்டுடியோவில் பாக்கின் 'இத்தாலியன் கான்செர்ட்டோ'வைப் பதிவு செய்வது, திருப்தி வரும்வரை மறுபடி மறுபடி வாசிப்பது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பொறியாளர்கள் அசராமல் வேறு கதை பேசிக்கொண்டிருப்பார்கள்.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகத் தெரியும். ஏரிக்கரையிலும் ஸ்டுடியோவிலும் அவர் சந்தோஷமாக இருக்கிறார். மக்கள் முன்னால் மேடையில் வாசிக்கும் கூல்டுக்கு இந்தப் படங்களில் இடமே இல்லை. அடுத்த 5 வருடத்தில் என்ன நடக்கப் போகிறது என்பதற்கான தடயம் அப்போதே கேமராவில் பதிவாகியிருக்கிறது.

மேடையை ஏன் விட்டார்?

1964 ஏப்ரல் 10, லாஸ் ஏஞ்சல்ஸ். கூல்ட் ஒரு கச்சேரி வாசித்தார். அதோடு சரி. பிரியாவிடை அறிவிப்பு எதுவும் இல்லை. அப்போது வயது 31. அதுவரை அவர் கொடுத்த பொதுக் கச்சேரிகள் மொத்தமே 200-க்கும் குறைவு. புகழ்பெற்ற பியானோ கலைஞர்கள் சிலர் இரண்டு மூன்று வருடத்தில் முடித்துவிடும் எண்ணிக்கை இது.

காரணம் ஒன்றல்ல. விமானப் பயணம் பிடிக்காது. குளிர், கிருமி, ஹோட்டல் எல்லாவற்றின் மேலும் பயம். 1962-ல் நியூயார்க் பில்ஹார்மோனிக்கோடு பிராம்ஸின் கான்செர்ட்டோவை வாசித்தபோது இன்னொரு சம்பவம். கூல்ட் கேட்ட வேகம் தனக்கு உடன்பாடில்லை என்று நடத்துநர் லியோனர்ட் பெர்ன்ஸ்டைனே கச்சேரிக்கு முன்னால் பார்வையாளர்களிடம் சொல்லிவிட்டார். அது பெரிய சர்ச்சையாகி, இன்றும் பேசப்படுகிறது. ஆனால் இருவருக்கும் பகை ஏதும் இல்லை.

அடிப்படைக் காரணம் கொள்கை சார்ந்தது. கச்சேரி அரங்கம் என்பது காளைச் சண்டை பார்க்கும் கூட்டம் மாதிரி என்று அவர் நினைத்தார். கலைஞர் எங்கே சறுக்குவார் என்று காத்திருக்கும் கூட்டம். தவறினால் திருத்திக்கொள்ள இரண்டாவது வாய்ப்பு கிடையாது. ஸ்டுடியோவில் அப்படி இல்லை. பத்து முறை வாசித்து, இரண்டாவதின் தொடக்கத்தையும் எட்டாவதின் முடிவையும் டேப்பில் வெட்டி ஒட்டலாம். அதை ஏமாற்று வேலை என்றவர்களிடம், சினிமாவில் எடிட்டிங் இல்லையா என்ற ரீதியில் வாதாடினார்.

1966-ல் எழுதிய நீண்ட கட்டுரையில் இரண்டு ஆரூடங்கள் சொன்னார். ஒன்று, இன்னும் நூறு வருடத்தில் கச்சேரி என்ற ஏற்பாடே மறைந்துவிடும். இதுவரை அதற்கான அறிகுறி இல்லை. இன்று கச்சேரி டிக்கெட் விலையைப் பார்த்தாலே தெரியும். இரண்டு, கேட்பவர் வெறுமனே கேட்டுக்கொண்டிருக்க மாட்டார். தன் வீட்டுக் கருவியில் வெட்டி, கலந்து, வேகம் மாற்றி, தனக்கான வடிவத்தைத் தானே உண்டாக்கிக்கொள்வார். பிளேலிஸ்டும் ரீமிக்ஸும் எடிட்டிங் ஆப்பும் கையில் வைத்திருக்கும் நமக்கு இது எவ்வளவு சரி என்று சொல்ல வேண்டியதில்லை.

மேடைக்குப் பதில் மைக், கேமரா

மேடையை விட்டவர் சும்மா இருக்கவில்லை. 1967 டிசம்பர் 28 அன்று சிபிசி வானொலியில் 'தி ஐடியா ஆஃப் நார்த்' ஒலிபரப்பானது. கனடாவின் வட துருவப் பகுதியை அறிந்த 5 பேரிடம் பேட்டி எடுத்து, அவர்கள் குரல்களை ஒன்றின் மேல் ஒன்றாகப் படியவைத்து, அடியில் ரயில் ஓடும் சத்தத்தை ஓட விட்டார். ஒருவர் தொடங்கிய பேச்சின் மேலேயே இன்னொருவர் பேச்சு ஏறிவரும். பாக்கின் இசையில் பல குரல்கள் ஒரே நேரத்தில் தனித்தனியாக ஓடுவதைப் போல, மனிதப் பேச்சை அமைத்துப் பார்த்த முயற்சி இது. தனிமையைப் பற்றிய மூன்று வானொலிப் படைப்புகளில் முதலாவது. மற்ற இரண்டும் 1969-லும் 1977-லும் வந்தன.

டொரொன்டோவில் செயின்ட் கிளேர் அவென்யூவில் ஒரு மேல்தள அபார்ட்மென்ட். பகலில் தூக்கம், ராத்திரியில் வேலை. நடுராத்திரியில் ஒரு உணவகத்துக்குப் போய் முட்டைப் பொரியல் சாப்பிடுவார். பல நாள் அதுதான் அன்றைய ஒரே சாப்பாடு. நண்பர்களை நேரில் பார்ப்பது குறைவு. ஆனால் நள்ளிரவில் போன் போட்டால் மணிக்கணக்கில் பேசுவார். எதிர்முனையில் இருப்பவர் தூங்கிவிட்டாலும் பேச்சு தொடரும் என்று நண்பர்கள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

லேப்டாப்புக்கு எதிரே தனியாக உட்கார்ந்து, உலகத்தோடு ஹெட்ஃபோன் வழியாக மட்டும் பேசிய காலம் நமக்கும் வந்துபோனது. அதை நாம் வேறு வழியில்லாமல் செய்தோம். அவர் விரும்பிச் செய்தார். அதன் விலையையும் கொடுத்தார்.

ரசிகர்களுக்குத் தேடல் ஏன் இவ்வளவு கஷ்டமாக இருந்தது?

இப்போது நமக்கு ஒரு கிளிக். ஆனால் பல ஆண்டுகள் நிலைமை அப்படி இல்லை. டிவியில் ஒரு நிகழ்ச்சி ஒருமுறை வந்துவிட்டுப் போனால் போனதுதான். அன்று இரவு வீட்டில் இல்லையென்றால் அவ்வளவுதான்.

அதோடு தொழில்நுட்பத் தடைகளும் உண்டு.

முதலாவது, பதிவு. 1950களின் தொடக்கத்தில் டிவி பெரும்பாலும் நேரலை. பாதுகாக்க வேண்டுமென்றால் டிவி திரைக்கு எதிரே ஃபிலிம் கேமராவை வைத்து எடுக்க வேண்டும். தரம் மங்கலாக இருக்கும். அதையும் எல்லாவற்றுக்கும் செய்யவில்லை.

இரண்டாவது, வடிவம். வடஅமெரிக்காவின் டிவி முறை என்டிஎஸ்சி. பிரான்ஸில் செகாம். இந்தியாவிலும் ஐரோப்பாவின் பெரும்பகுதியிலும் பால். வரிகளின் எண்ணிக்கையும் நொடிக்கு எத்தனை படம் என்பதும் வேறு வேறு. டொரொன்டோவில் ஒருவர் கேசட்டில் பதிந்து பம்பாய்க்கு அனுப்பினால், இங்கே சாதாரண விசிஆரில் போட்டால் ஒழுங்கான படம் வராது.

மூன்றாவது, பெயர். ஒரே படம் ஒரு நாட்டில் ஒரு தலைப்பிலும் இன்னொரு நாட்டில் வேறு தலைப்பிலும் வரும். 1959-ன் இரண்டு படங்களைச் சேர்த்து ஒரே படம் போலக் காட்டுவதும் உண்டு. ஒரு படத்தின் துண்டு இன்னொரு படத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். எந்தக் காட்சி எதிலிருந்து என்று பிரித்தறிவதே ஒரு வேலை.

1990களில் சோனி நிறுவனம் விஎச்எஸ் கேசட்டாகவும் லேசர் டிஸ்க்காகவும் ஒரு தொகுப்பைக் கொண்டுவந்தது. 2011-ல்தான் 1954 முதல் 1977 வரையிலான சிபிசி நிகழ்ச்சிகள் முழுமையாக 10 டிவிடிகளில் வெளியாயின. அதாவது, முதல் நிகழ்ச்சிக்கும் முழுத் தொகுப்புக்கும் நடுவே 57 வருடம்.

1974: பிரான்ஸிலிருந்து வந்த கடிதம்

மாஸ்கோவில் ஒரு பிரெஞ்சு இளைஞர் கூல்டின் இசைத்தட்டு ஒன்றை வாங்கினார். பெயர் ப்ரூனோ மோன்சேஞ்சோன். வயலின் கலைஞர். கேட்ட பிறகு அவரால் சும்மா இருக்க முடியவில்லை. கூல்டுக்குக் கடிதம் எழுதினார். மாதங்கள் கழித்து நீண்ட பதில் வந்தது. 1972-ல் டொரொன்டோ போய்ச் சந்தித்தார். ஒரு ரசிகர் இயக்குநரான கதை இது.

1974-ல் பிரெஞ்சுத் தொலைக்காட்சிக்காக அவர் கூல்டை வைத்து 4 பகுதிகள் கொண்ட தொடர் எடுத்தார். பிரெஞ்சில் அது 'இசையின் பாதைகள்' என்ற பொருள் தரும் தொடரின் அங்கம். பின்னாளில் 'தி ஆல்கெமிஸ்ட்' என்ற பெயரில் டிவிடியாக வந்தது. பெயர்க் குழப்பத்துக்கு இதுவே நல்ல உதாரணம். மேடையை விட்டு 10 வருடம் ஆன கூல்ட், ஸ்டுடியோவில் எப்படி வேலை செய்கிறார், டேக்குகளை எப்படி ஒட்டுகிறார் என்பதை இதில் பார்க்கலாம்.

நோட்டுப் புத்தகத்தில் ஒரு மனிதர்

டேட்டாவோடு வேலை செய்பவன் என்ற முறையில் என்னை அதிகம் பாதித்த பகுதி இது. கூல்ட் தன்னைப் பற்றிய தரவுகளைத் தானே சேகரித்துவந்தார்.

1975-ல் அம்மா பக்கவாதத்தால் இறந்தார். 1977 வாக்கில் கூல்டின் கைகள் சொன்னபடி கேட்க மறுத்தன. வெளியில் சொல்லவில்லை. மாதக்கணக்கில் பதிவு செய்யாமல் விலகி, ஒரு டைரி எழுதினார். இன்று மணிக்கட்டு எந்தக் கோணத்தில், தோள் எந்த நிலையில், எந்த மாற்றம் பலன் தந்தது, எது தரவில்லை என்று ஆய்வுக்கூடக் குறிப்பு போலப் பக்கம் பக்கமாகப் பதிந்தார். இரத்த அழுத்தத்தையும் ஒரு நாளில் பல முறை அளந்து எழுதிவைத்தார். வெவ்வேறு மருத்துவர்களிடம் வாங்கிய மருந்துகள் வேறு. ஒருவர் கொடுத்தது மற்றவருக்குத் தெரியாது.

இந்தக் காகிதங்கள் இன்று கனடாவின் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. தன் உடம்பின் ஒவ்வொரு எண்ணும் தெரிந்த ஒருவர், அந்த எண்களை வைத்துத் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள முடியவில்லை. ஸ்மார்ட் வாட்ச் கட்டிக்கொண்டு தினமும் தூக்கத்தையும் இதயத்துடிப்பையும் பார்க்கும் நமக்கு இது கொஞ்சம் உறைக்கிறது.

1981: அதே ஸ்டுடியோ, அதே இசை

மோன்சேஞ்சோனும் கூல்டும் மறுபடி சேர்ந்தார்கள். பாக் பற்றி 3 படங்கள். மூன்றாவது, 'கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ்'. ஒருமுறை பதிவு செய்ததை மறுபடி பதிவு செய்வது அவருக்கு அபூர்வம். இதற்காக அந்தப் பழக்கத்தை மீறினார்.

1981-ன் வசந்தகாலத்தில், அதே 30-ஆவது தெரு ஸ்டுடியோ. அதே நாற்காலி. பியானோ மட்டும் வேறு. பல வருடம் அவருக்குப் பிரியமாக இருந்த ஸ்டெய்ன்வே, 1971-ல் எடுத்துச் செல்லும்போது கீழே விழுந்து பழுதாகி, பிறகு பழைய நிலைக்கு வரவே இல்லை. இம்முறை யமஹா.

படத்தில் இருப்பவரைப் பார்த்தால் 48 வயது என்று நம்ப முடியாது. முடி உதிர்ந்து, முதுகு வளைந்து, தடித்த ஃபிரேம் கண்ணாடியோடு முதியவர் மாதிரி இருக்கிறார். ஆனால் விரல்களில் மட்டும் வயசே தெரியவில்லை.

இரண்டு பதிவுகளையும் எண்களில் வைத்துப் பார்ப்போம். 1955-ல் மொத்தம் 38 நிமிடம் 34 நொடி. 1981-ல் 51 நிமிடம் 18 நொடி. மூன்றில் ஒரு பங்கு கூடுதல். உடனே மெதுவாக வாசித்தார் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. இரண்டாவது பதிவில் சில பகுதிகளை இரண்டு முறை வாசிக்கிறார், அதனாலும் நேரம் கூடியிருக்கிறது. நியாயமாக ஒப்பிட வேண்டுமென்றால் தொடக்க மெட்டை மட்டும் எடுக்கலாம். 1955-ல் அது 1 நிமிடம் 53 நொடி. 1981-ல் 3 நிமிடம் 5 நொடி. அதே சுரங்கள், 60 சதவீதத்துக்கும் மேல் கூடுதல் நேரம். முதல் பதிவில் ஓர் இளைஞர் எங்கோ போக அவசரப்படுகிறார். இரண்டாவதில் ஒருவர் ஒவ்வொரு சுரத்தையும் வைத்துவிட்டு, அது அடங்கும்வரை காத்திருக்கிறார்.

1982 செப்டம்பரில் புதிய ஆல்பம் வெளியானது. அதே மாதம் 25-ஆம் தேதி 50-ஆவது பிறந்தநாள். 27-ஆம் தேதி பக்கவாதம். அக்டோபர் 4 அன்று டொரொன்டோவில் இறந்தார். சொத்தை சால்வேஷன் ஆர்மிக்கும் டொரொன்டோவின் விலங்குகள் நலச் சங்கத்துக்கும் எழுதிவைத்திருந்தார். கல்லறைக் கல்லில் 'கோல்ட்பெர்க்' தொடக்க மெட்டின் முதல் சுரங்கள் பொறிக்கப்பட்டுள்ளன.

படங்கள் காட்டாமல் விட்டது

டிவி படங்களை மட்டும் நம்பினால் ஒரு பிம்பம் கிடைக்கும்: யாரும் தேவையில்லாத தனிமை மேதை. அந்தப் பிம்பத்தைச் செதுக்கியதில் கூல்டுக்கும் பங்கு உண்டு. பல பேட்டிகளில் கேள்வி பதில் இரண்டையும் அவரே எழுதிவிடுவார்.

2009-ல் வந்த 'ஜீனியஸ் விதின்' ஆவணப்படம் இதை உடைத்தது. ஓவியர் கார்னிலியா ஃபாஸ், இசையமைப்பாளர் லூகஸ் ஃபாஸின் மனைவி, 1960களின் பிற்பகுதியில் தன் குழந்தைகளோடு டொரொன்டோவுக்குக் குடிவந்து சில ஆண்டுகள் கூல்டோடு நெருக்கமாக இருந்தார். திருமணம் வரை பேச்சு போனது. கூல்டின் மனநிலையும் சந்தேகங்களும் மோசமாக, அவர் கணவரிடமே திரும்பினார். கூல்ட் இறந்து 25 வருடம் வரை இது பொதுவெளிக்கு வரவில்லை. தனிமை அவர் தேர்ந்தெடுத்ததுதான். ஆனால் அது மட்டுமே அவர் விரும்பியது அல்ல.

எந்தத் துண்டு எந்தப் படம்?

உங்கள் போனில் வரும் வீடியோவை அடையாளம் காண ஒரு சின்ன வழிகாட்டி:

- கருப்பு வெள்ளை, ஏரிக்கரை வீடு, நாய், நீள அங்கி: 'ஆஃப் தி ரெக்கார்ட்', 1959.
- கருப்பு வெள்ளை, நியூயார்க், ஸ்டுடியோ, பொறியாளர்கள்: 'ஆன் தி ரெக்கார்ட்', 1959.
- கலர், நடுத்தர வயது, டேப் எடிட்டிங், இயக்குநரோடு உரையாடல்: மோன்சேஞ்சோனின் 1974 தொடர்.
- கலர், தடித்த ஃபிரேம் கண்ணாடி, முழு 'கோல்ட்பெர்க்': 1981.
- கூல்டாக ஒரு நடிகர் நடிக்கும் காட்சி: அது ஆவணப்படமே அல்ல. 1993-ல் வந்த 'தர்ட்டி டூ ஷார்ட் ஃபில்ம்ஸ் அபவுட் க்ளென் கூல்ட்'. நடிகர் கோம் ஃபியோர். 'கோல்ட்பெர்க்'கின் 32 பகுதிகளைப் போலவே படமும் 32 துண்டு.

எங்கிருந்து தொடங்கலாம்?

1959-ன் இரண்டு படங்களும் கனடா தேசிய திரைப்பட வாரியத்தின் இணையதளத்திலேயே இலவசமாக இருக்கின்றன. முதலில் 'ஆஃப் தி ரெக்கார்ட்'. அரை மணி நேரம்தான். அடுத்து நேராக 1981-க்குப் போங்கள். நடுவில் இருக்கும் 22 வருடத்தை அந்த முகமே சொல்லிவிடும்.

இன்னும் ஒரு தகவல். 1977-ல் விண்ணுக்குப் போன இரண்டு வாயேஜர் விண்கலங்களிலும் ஒரு தங்க இசைத்தட்டு இருக்கிறது. அதில் பாக்கின் ஒரு பகுதியை கூல்ட் வாசிக்கிறார். அதே தட்டில் நம் நாட்டின் கேசர்பாய் கேர்க்கர் பாடிய பைரவி ராகமும் உண்டு. 2012-ல் வாயேஜர் 1 சூரியனின் எல்லையைக் கடந்து விண்மீன்களுக்கு இடையிலான வெளிக்குள் நுழைந்தது. விமானம் ஏறவே பயந்த மனிதரின் இசை இப்போது அங்கே இருக்கிறது.

கேட்பவர் தன் அறையில், தன் நேரத்தில், தனியாகக் கேட்க வேண்டும் என்றுதான் அவர் ஆசைப்பட்டார். மாஸ்கோவில் அன்று இடைவேளையில் ஓடிப்போய் போன் செய்தவர்களை நினைத்துப் பார்த்தால் இன்னொன்றும் தோன்றுகிறது. நல்லதைத் தனியாகக் கேட்டாலும், கேட்டு முடித்ததும் யாருக்காவது சொல்லத்தான் தோன்றும். அடுத்த முறை அந்த ஜன்னல் வீடியோவை அனுப்பும்போது, கூடவே படத்தின் பெயரையும் போட்டுவிடுங்கள்.